யோகம் யாருக்கு?

(‘புதிதாக யோகா கற்பிக்க வருபவர் ஊருக்குச் செய்யும் இலவசத் தொண்டால் பெரிதும் பயன் பெறுவது கற்பவரா? கற்பிப்பவரா?’ என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், ‘கற்பிப்பவரே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! ‘கற்பவரே, கற்பவரே’ என்று முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி அம்மையார் அவர்களே! எதிரே பெருந்திரளாக அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! இட்லிச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற அன்புச் சகோதரிகளே! முதலில் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வாருங்கள்.

தலைப்பைக் கேட்டதுமே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இது யோகாவா, யோகமா? வடமொழியில் யோகம் என்றால் சேர்தல், இணைதல். நம்ம ஊரில் என்ன பொருள்? ‘அவனுக்கு யோகம் அடிச்சிருச்சுய்யா’ என்று சொன்னால், அவன் தலைகீழாக நிற்கிறான் என்றா அர்த்தம்? மாமனார் வீட்டிலிருந்து சொத்து வந்திருக்கிறது என்று அர்த்தம்! (சிரிப்பு)

ஆக, நடுவர் ஐயா முன்னால் இருக்கிற வழக்கு ஒரே வரி வழக்கு. இலவசமாக யோகா சொல்லிக் கொடுத்தால், யோகம் யாருக்கு?

எதிரணி அம்மையார் அழகாகப் பேசினார்கள். ‘காலை அஞ்சரை மணிக்கு எழுந்து, சொந்த வண்டியில் பெட்ரோல் போட்டு, சொந்தப் பாயைச் சுமந்து வந்து ஒருவர் சொல்லித் தருகிறார். கற்கிறவர் கையில் காசு இல்லாமலே உடம்பு வளைகிறது, மூச்சு சீராகிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. இதில் லாபம் யாருக்கு?’ என்று கேட்டார்கள். நான் மறுக்கவில்லை அம்மா. நீங்கள் சொன்ன அத்தனையும் உண்மை. ஆனால் நீங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்ததை எழுதினீர்கள். அவர் வாங்கிக்கொண்டு போனதை எழுதவே இல்லை. அந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

ஊர்க்கதை வேண்டாம். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் துணைவியாருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஓர் ஆசை வந்தது. பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். நான் வாரத்தில் நாலு நாள் மேடை. ‘ஏங்க, நான் யோகா டீச்சருக்குப் படிக்கப் போறேன்’ என்றார்கள். இருநூறு மணி நேரப் பயிற்சி. படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், சான்றிதழ் வாங்கினார்கள். வீட்டுக் கூடத்தில் ஆணி ஒன்றுதான் இருந்தது. அதில் முப்பது வருஷமாக என் முனைவர் பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், என் பட்டம் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. ஆணியில் யோகா! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, படித்தாகிவிட்டது. யாருக்குச் சொல்லிக் கொடுப்பது? புது வாத்தியாரிடம் யார் காசு கொடுத்து வருவார்கள்? முதல் மாணவனாக என்னைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் நானே கல்லூரியில் கூடுதல் வகுப்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் தோழி ஒருவர் சொன்னார்கள்: ‘நம்ம பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. போய் இலவசமா சொல்லிக் கொடேன். புண்ணியமாப் போகும்.’

புண்ணியம்! அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் துணைவியார் கிளம்பிவிட்டார்கள். கையில் என்ன தெரியுமா? இருபத்தைந்து பாய். மனத்தில் என்ன தெரியுமா? சூரிய நமஸ்காரம், பன்னிரண்டு நிலை. நான் வாசலில் நின்று வழியனுப்பினேன். இமயமலைக்குப் போகிற மாதிரி போனார்கள்.

போனால், இருபத்திரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் நாற்காலியில். பாயை விரித்தார்கள். ஒருத்தரும் இறங்கவில்லை. ஒரு தாத்தா மெதுவாகச் சொன்னார்: ‘தாயி, கீழ உக்கார்றது பெரிசில்ல. திரும்ப எந்திரிக்க ஆள் வேணும். நாங்க இருபத்திரண்டு பேரு, நீ ஒருத்தி.’ (சிரிப்பு)

பன்னிரண்டு நிலையில் ஒரு நிலை போய்விட்டது. சரி, நின்றுகொண்டே செய்யலாம் என்று, ‘எல்லாரும் வலது கையை மேலே தூக்குங்க’ என்றார்கள். தானும் வலது கையைத் தூக்கினார்கள். எதிரே பார்க்கிறார்கள், பாதிப் பேர் இடது கை! எதிரில் நிற்கிற டீச்சரின் வலது, பார்க்கிறவர்களுக்கு இடப்பக்கமாகத்தானே தெரியும்? கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும். வாயால் வலது என்று சொன்னால், எதிரே நிற்கிற வாத்தியார் தூக்க வேண்டியது இடது. இது புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். ஆனால் இருபத்திரண்டு பேர் குழம்பி நின்றால்தான் மண்டையில் ஏறும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி. எல்லாரும் அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் எந்தக் கையையும் தூக்கவில்லை. ‘அப்பத்தா, நீங்களும் கையைத் தூக்குங்க’ என்று என் துணைவியார் அன்பாகச் சொன்னார்கள். அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார். ‘ஏத்தா, தூக்க முடிஞ்சா என் வீட்ல ரெண்டு பாத்திரம் தேய்ச்சுக் குடுத்துட்டு அங்கேயே இருந்திருப்பேனே. இங்க எதுக்கு வாறேன்?’

(அமைதி)

ஐயா, அன்றைக்கு என் துணைவியார் வீட்டுக்கு வந்து பேசவே இல்லை. பாய்களை மூலையில் வைத்தார்கள். ராத்திரி பத்து மணிக்குச் சொன்னார்கள்: ‘ஏங்க, நான் ஆசனத்தைத்தான் படிச்சிருக்கேன். ஆளைப் படிக்கவே இல்லை.’

நடுவர் ஐயா! இருநூறு மணி நேரத்தில் கிடைக்காத பாடம், ஓர் அப்பத்தாவின் ஒரு வாக்கியத்தில் கிடைத்தது. அந்த வாக்கியத்துக்கு அப்பத்தா என்ன கட்டணம் வாங்கினார்? ஒரு பைசா வாங்கவில்லை! இப்போது சொல்லுங்கள். அன்றைக்கு இலவசமாகக் கற்பித்தது யார்? இலவசமாகக் கற்றது யார்? (கைதட்டல்)

எதிரணி அம்மையார் உடனே கேட்பார்கள். ‘ஒரு நாள் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா?’ என்று. சரி, சரித்திரத்துக்குப் போவோம்.

உலகமே கொண்டாடிய யோகாசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார். 1918-இல் பிறந்தவர். சின்ன வயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று ஒரு வியாதி பாக்கியில்லாமல் பட்டவர். அவருடைய அக்காள் கணவர்தான் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார். நூறு வயது வாழ்ந்து, 1989-இல் நம்ம சென்னையில் மறைந்தாரே, அவரேதான். அவர் 1937-இல் இந்தப் பையனைப் புனேவுக்கு அனுப்புகிறார். என்ன வயது? பதினெட்டு! கற்றுக்கொண்டதோ சில வருஷம்தான். அங்கே மாணவர்கள் யார்? கல்லூரிப் பிள்ளைகள். வாத்தியாரைவிட வயதில் மூத்தவர்கள், வாத்தியாரைவிட உடம்பில் திடமானவர்கள். எப்படி இருக்கும் யோசித்துப் பாருங்கள்!

எதிரணி பிடிப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன். அவர் இலவசத் தொண்டுக்குப் போகவில்லை, வேலைக்குத்தான் போனார். ஆனால் புது வாத்தியாருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. எதிரே நிற்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்ற கட்டாயத்தில் மணிக்கணக்காகத் தானே பயிற்சி செய்தார். பின்னாளில் நோயாளிகளும் முதியவர்களும் அவரிடம் வந்தார்கள். அவர்களால் ஆசனத்துக்குள் போக முடியவில்லை. அவர் என்ன செய்தார்? ஆளை ஆசனத்துக்கு வளைக்கவில்லை, ஆசனத்தை ஆளுக்கு வளைத்தார். நாற்காலி, போர்வை, கயிறு, மரக்கட்டை, எல்லாம் யோகசாலைக்குள் வந்தன. இன்றைக்கு உலகம் முழுக்க வயதானவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யோகா செய்கிறார்கள் என்றால், அதில் அவர் பங்கு பெரியது. அந்த நாற்காலியை அவருக்குக் காட்டிக் கொடுத்தது யார்? முடியாதவர்கள்! வளைகிறவன் வாத்தியாருக்குக் கைதட்டுவான். வளையாதவன்தான் வாத்தியாருக்குப் பாடம் சொல்வான்.

நம்ம தமிழ்நாட்டுக்கே வாருங்கள். 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தறியில் உட்கார்ந்த உடம்பு அவருடையது. அதனால்தான் அவர் வகுத்த உடற்பயிற்சி முறைக்குப் பெயரே எளியமுறை உடற்பயிற்சி. கஷ்டமான ஆசனம் தெரியாமல் எளிமையாக்கவில்லை. உழைத்துக் களைத்து வருகிற மனிதனின் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்து எளிமையாக்கினார்.

உழைக்கிறவர் உடம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. என் துணைவியார் அடுத்துப் போனது மாநகராட்சிப் பூங்கா. காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வகுப்பு. நல்ல காலணி, நல்ல உடை, கையில் தண்ணீர்ப் புட்டி. ‘எல்லாரும் முன்னால குனிஞ்சு காலைத் தொடுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் தள்ளி இரண்டு தூய்மைப் பணியாளர் அம்மாக்கள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ‘நீங்களும் வாங்கம்மா’ என்று கூப்பிட்டார்கள். அதில் ஓர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘காலைல இருந்து அதத்தானே டீச்சர் பண்ணிக்கிட்டு இருக்கோம். நீங்க பத்து தடவை குனியறீங்க. நாங்க இந்தத் தெரு முழுக்கக் குனிஞ்சிட்டு வந்திருக்கோம்.’

எவ்வளவு பெரிய உண்மை! குனிந்து குனிந்து பெருக்கின முதுகுக்கு இன்னொரு குனிவு எதற்கு? நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எழுந்து வளைவது மருந்து. நாள் முழுக்க வளைகிறவருக்கு? படுப்பதுதான் மருந்து! மறுநாள் அந்த அம்மாக்கள் வேலை முடிகிற நேரம் பார்த்து என் துணைவியார் போனார்கள். தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுக்கச் சொல்லி, கெண்டைக்காலை மட்டும் சிமெண்ட் பெஞ்சின் மேல் தூக்கி வைக்கச் சொன்னார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். பத்து நிமிஷம். வேறொன்றும் இல்லை. ஒரு அம்மா எழுந்து கேட்டாராம்: ‘டீச்சர், பகல்ல படுத்தா ஏசாம இருக்கிற ஒரு எடம் இதுதானா?’

இதற்கு எந்தப் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் இருக்கிறது ஐயா? (கைதட்டல்)

இப்போது எதிரணியில் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உள்ளபடியே நல்ல கேள்வி. ‘ஐயா, புதுசா வந்தவர் பழகறதுக்கு ஏழையும் முதியவரும்தான் கிடைச்சாங்களா? அவங்க என்ன சோதனைச்சாலை எலியா?’ என்று கேட்டார். சபையில் கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன்.

தம்பி, நம்ம ஊரில் ஒரு பழமொழியைத் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்கிறோம். ஆயிரம் பேரைக் கொன்றவன் வைத்தியன் இல்லை, அவன் இருக்க வேண்டிய இடம் வேறு! (சிரிப்பு) ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்பதுதான் சரி என்று தமிழாசிரியர்கள் நாங்கள் தொண்டை கிழியச் சொல்கிறோம். வேர்! மூலிகை வேர். புதுசாக வருகிறவன் ஆயிரம் வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும், ஆயிரம் பேரைத் தோண்டிப் பார்க்கக் கூடாது. யோகா வாத்தியாருக்கு வேர் எது? எதிரே இருக்கிறவர் உடம்பின் கதைதான் வேர். அதைக் கேட்காமல் ஆசனத்தைச் சொன்னால் தம்பி சொல்வதுதான் நடக்கும்.

ஏன் மறைக்க வேண்டும்? எங்கள் வீட்டிலேயே நடந்தது. முதியோர் இல்லத்தில் இரண்டாவது வாரம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்து, தலையைத் தொங்கவிடச் சொன்னார்கள். எல்லாரும் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். ஓர் அம்மாவுக்கு நிமிர்ந்ததும் தலை சுற்றிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். கொஞ்ச நேரம் படுக்க வைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் என் துணைவியாருக்குச் சரியாகவில்லை. அவர்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ‘நான் தொண்டு செய்யப் போனேனா, தொந்தரவு செய்யப் போனேனா?’ என்று அழுதார்கள்.

நாலாம் நாள் இல்லத்திலிருந்து தொலைபேசி. யார் என்று நினைக்கிறீர்கள்? தலை சுற்றிய அதே அம்மா! ‘என்ன டீச்சர், ஆளக் காணோம்? எனக்குத்தானே தல சுத்துச்சு, ஒங்களுக்கு என்ன?’ என்றாராம்.

காசு கட்டிய வகுப்பாக இருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? ‘மீதி மாசத்துப் பணத்தைத் திருப்பிக் குடு!’ (சிரிப்பு) இங்கே மன்னிப்பு இலவசமாக வருகிறது. மன்னிப்பை வாங்கியவருக்கு லாபமா, கொடுத்தவருக்கு லாபமா?

ஆனால் ஐயா, மன்னிப்பு கிடைக்கிறது என்பதற்காகத் தவறு செய்ய உரிமம் கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அன்றைக்குத்தான் என் துணைவியார் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். ரத்த அழுத்தம் உண்டா? சர்க்கரை உண்டா? அறுவை சிகிச்சை ஏதும் நடந்ததா? குடலிறக்கம் உண்டா? எலும்பு தேய்மானமா? கண்ணில் நீர் அழுத்த நோயா? மருத்துவர் எதையாவது செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரா?

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரிகள் இதைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள். கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருக்கிறவர் தலைகீழாக நிற்கக் கூடாது, மூச்சை அடக்கிப் பிடிக்கக் கூடாது. எலும்பு மெலிந்தவர் முதுகை வளைத்து அழுத்திக் குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் ஒற்றைக் காலில் நிற்பதானால் பக்கத்தில் சுவர் வேண்டும். சாப்பிட்ட கையோடு ஆசனப் பயிற்சி கூடாது. 2006-இல் நம்ம சென்னைக் கண் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். யோகா பழகுகிறவர்கள் 75 பேரைச் சோதித்தார்கள். சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. கண் அழுத்த நோய் இருக்கிறவர் கதி என்ன? ‘தலைகீழா நின்னா மூளைக்கு ரத்தம் போகும்’ என்று ஒரு புது வாத்தியார் ஆசையாகச் சொல்லிவிட்டால், பார்வைக்கே ஆபத்தாகலாம்!

பதஞ்சலி எட்டு உறுப்பு யோகம் சொன்னார். நம்ம திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அந்த எட்டையும் தமிழில் சொன்னார். இரண்டு பேரிடமும் ஆசனம் எத்தனையாவது? மூன்றாவது! முதலாவது இயமம். அந்த இயமத்திலும் முதலில் நிற்பது எது? பதஞ்சலியிடம் அகிம்சை, திருமூலரிடம் கொல்லாமை. பிறருக்குத் தீங்கு செய்யாதே என்ற படியைத் தாண்டித்தான் காலைத் தூக்கித் தோளில் போட வர வேண்டும். நாம் நேரே மூன்றாவது மாடிக்கு ஏணி வைக்கிறோம்.

தம்பி, அதனால்தான் சொல்கிறேன். எலியாக நினைக்கிறவன் யார் தெரியுமா? ‘நான் கொடுக்கிறேன், நீ வாங்கிக்கோ’ என்று வருகிறவன். கொடுக்கிறவனுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்று அலட்சியம் வரும். ‘நான் வாங்க வந்திருக்கிறேன், இவர்கள் தங்கள் உடம்பை நம்பி என் கையில் கொடுக்கிறார்கள்’ என்று நினைக்கிறவன்தான் பயப்படுவான், கேட்பான், எழுதி வைப்பான். கடன்பட்டவனுக்குத்தான் கவனம் வரும் ஐயா!

இன்னொன்று. ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் தீர்மானம் போட்டு, 2015-லிருந்து ஜூன் 21-ஆம் தேதி உலக யோகா தினம். நல்ல காரியம். அன்றைக்கு மைதானம் நிறையப் பாய். மேடை நிறையப் பிரமுகர். தொண்டர் நிறையப் பனியன். சரி, ஜூன் 22? (சிரிப்பு) மைதானத்தில் யார் இருக்கிறார்? பனியன் காயப் போட்டிருக்கிறது, ஆள் இல்லை! கொடுக்கிறேன் என்று வந்தவர் 21-ஆம் தேதியோடு கொடுத்து முடித்துவிட்டார். வாங்குகிறேன் என்று வந்தவர்தான் 22-ஆம் தேதியும் வருவார். அந்த முதியவர்களுக்கு வேண்டியது 21-ஆம் தேதி இல்லை ஐயா. தினமும் ஒரே நேரத்துக்கு ஒருத்தர் வாசலில் வந்து, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர்களை ஏற்கெனவே ஒரு தடவை ‘இதோ வந்துடறேன்’ என்று சொல்லி விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. இரண்டாவது தடவையும் ஒருத்தர் அப்படிப் போகக் கூடாது. ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்துகிற தொண்டைவிட ஆரம்பிக்காத தொண்டு உத்தமம்!

ஒரே ஒரு காட்சி சொல்லி முடிக்கிறேன். நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார்.

அதே இல்லத்தில் ஒரு தாத்தா. ஓய்வு பெற்ற எழுத்தர். என் துணைவியார் நோட்டுப் புத்தகத்தில் கடைசியாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள்: ‘யோகாவால ஒங்களுக்கு என்ன நடக்கணும்?’ ஒருத்தர் தூக்கம் என்றார். ஒருத்தர் முழங்கால் என்றார். இந்தத் தாத்தா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: ‘வேட்டிய நானே கட்டிக்கணும்மா. தெனம் வேற ஆள் கட்டி விடறாங்க. கூச்சமா இருக்கு.’

தியானம் கேட்கவில்லை, முக்தி கேட்கவில்லை. ஒரு மனுஷனின் மானம் நாலு முழத்தில் இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு மட்டும் தனிப் பயிற்சி. தோளைச் சுழற்றுவது, மணிக்கட்டைத் திருப்புவது, விரலை மடக்கி நீட்டுவது, மூச்சோடு சேர்த்துச் செய்வது. நாலு மாசம் ஆனது. தோள் ஓரளவு பின்னால் போயிற்று. இடுப்பைச் சுற்றிக் கை வந்தது. ஆனால் செருகுவதற்கு விரலில் பிடி வரவில்லை. எவ்வளவோ பார்த்தார்கள், வரவில்லை. யோகாவால் எல்லாம் முடியும் என்று மேடையில் சொல்லிவிடலாம். அந்த விரல் கேட்காது.

என் துணைவியார் என்ன செய்தார்கள்? கடைக்குப் போனார்கள். பட்டையை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளுமே, அந்த வேட்டி ஒன்று வாங்கினார்கள். மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாத்தா உள்ளே போனார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கதவு திறந்தது. அவரே சுற்றி, அவரே ஒட்டி, நிமிர்ந்து நின்றார். வேட்டி கொஞ்சம் கோணல்தான். ஆனால் ஆள் நேராக நின்றார்! ‘டீச்சர், இதுவும் யோகாதானே?’ என்று கேட்டார்.

என் துணைவியாரால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஆணியிலிருந்து அந்தச் சான்றிதழைக் கழற்றினார்கள். ‘ஏன்?’ என்று கேட்டேன். ‘இன்னும் படிப்பு முடியலைங்க’ என்றார்கள்.

(நீண்ட கைதட்டல்)

நடுவர் ஐயா! ஒரு தமிழாசிரியனாக ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். தொண்டு, தொண்டு என்று இவ்வளவு நேரம் பேசினோம். பழந்தமிழில் தொண்டு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஒன்பது! எண் ஒன்பதுக்குத் தொண்டு என்று பெயர். இரண்டும் ஒரே சொல்லா, வேறு வேறு சொல்லா என்று புலவர்கள் ஆராய்ந்துகொள்ளட்டும். எனக்கு அதில் ஒரு செய்தி தெரிகிறது. ஒன்பது என்றால் என்ன? பத்துக்கு ஒன்று குறைவு. தொண்டு செய்யப் போகிறவன், ‘நான் பத்தும் நிறைந்தவன், வழிவதை ஊற்றப் போகிறேன்’ என்று போகக் கூடாது. ‘என்னிடம் ஒன்று குறைகிறது, அது அங்கே இருக்கிறது’ என்று போக வேண்டும். அந்த ஒன்று சில நாள் அப்பத்தாவின் கோபத்தில் இருக்கும். சில நாள் துடைப்பத்தை ஊன்றி நிற்கிற ஓர் அம்மாவின் சிரிப்பில் இருக்கும். சில நாள் கோணலாக ஒட்டிய ஒரு வேட்டியில் இருக்கும்.

கற்பவருக்குக் கொஞ்சம் வளைவு கிடைக்கிறது, கொஞ்சம் தூக்கம் கிடைக்கிறது. கிடைக்கட்டும், வாழ்க! ஆனால் கற்பிக்க வந்தவர் அங்கேதான் ஆசிரியர் ஆகிறார். ஆகவே, யோகா அவர்களுக்கு, யோகம் கற்பிப்பவருக்கே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

(கைதட்டல்)